குழந்தை தூங்கினால் குடும்பம் தூங்கும்
(ஆறு மாதம் கடந்த குழந்தையின் இரவுத் தூக்கம்: தம்பதியருக்குச் சில யோசனைகள்)



ராத்திரி மணி பதினொன்று. சிங்கப்பெருமாள் கோயில் பெரிய சாலையில் லாரிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. செங்கல்பட்டு மின்சார ரயிலின் சத்தமும் கேட்டு அடங்கிவிட்டது. வீட்டுக்குள் விட்டத்தில் தூளி தொங்குகிறது. தூளியில் கட்டிய கயிற்றின் மறுமுனை, பக்கத்தில் படுத்திருக்கும் தாயின் கால் கட்டைவிரலில் இருக்கிறது. குழந்தை கண்ணை மூடுகிறது. தாயும் கண்ணை மூடுகிறாள். கயிறு நிற்கிறது. உடனே குழந்தை வீலென்று அழுகிறது.

"இன்னா பண்றதுன்னே தெரியலம்மா. ஆட்டினா தூங்கறான், நிறுத்தினா முழிச்சுக்கறான். ராத்திரிக்கு அஞ்சு தடவை, ஆறு தடவை. காலையில அடுப்பாண்ட நின்னா எனக்குத் தலை சுத்துது."

திருப்பெரும்புதூர் போகும் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில், ஒன்பது மாத ஆண் குழந்தையின் தாய் என்னிடம் சொன்னது இது. கணவர் மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுப்பார். குழந்தை அழுதால் எரிச்சல், எரிச்சலால் சண்டை. அந்த வீட்டு அலமாரியில் ஒரு இருமல் மருந்துப் புட்டி இருந்தது. குழந்தைக்கு இருமல் இல்லை. "ஒரு மூடி குடுத்தா நல்லா தூங்கும்னு சொன்னாங்க. நாளையிலிருந்து குடுக்கலாம்னு வாங்கி வச்சேன்" என்றாள் அந்தத் தாய்.

அந்தப் புட்டிதான் இந்தத் துண்டுப் பிரசுரத்தை எழுத வைத்தது. மருந்து இல்லாமலும், குழந்தையை அழவிட்டுத் தவிக்க விடாமலும், நல்ல தூக்கப் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்க முடியும். அதைக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து செய்ய வேண்டும்.

குழந்தை ஏன் விழிக்கிறது?

தூக்கம் ஒரே நீளமாக ஓடுவதில்லை. ஆழ்ந்த தூக்கம், லேசான தூக்கம் என்று மாறி மாறி வரும். குழந்தைக்கு இந்தச் சுற்று ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குழந்தை லேசாக விழிக்கும், புரளும், முனகும். பெரியவர்களாகிய நாமும் இரவில் பல முறை இப்படி விழித்து, புரண்டு படுத்து, காலையில் அதை மறந்துவிடுகிறோம்.

ஆகவே குழந்தை விழிப்பது நோயும் அல்ல, பிடிவாதமும் அல்ல. அதற்குத் திரும்பத் தூங்கத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. ஆட்டத்தில் தூங்கிய குழந்தை, நடுராத்திரியில் விழித்ததும் அந்த ஆட்டத்தைத் தேடும். மடியில் தூங்கியது மடியைத் தேடும். இருட்டில் தன் பாயில் கிடந்து தூங்கிப் பழகிய குழந்தை, அதே பாயையும் இருட்டையும் கண்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்ளும். எப்படித் தூங்கத் தொடங்குகிறதோ, அப்படியே தூக்கத்தைத் தொடர விரும்பும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று பெரியவர்கள் சொன்னதில் பொருள் இருக்கிறது. ஆனால் பயப்பட வேண்டாம். இந்த வயதில் பழக்கத்தை மாற்றுவதும் எளிதுதான்.

எட்டு, ஒன்பது மாதத்தில் இன்னொன்றும் நடக்கும். தாய் கண்ணில் படாவிட்டால் குழந்தை கலங்க ஆரம்பிக்கும். தவழவும், பிடித்து நிற்கவும் கற்கும் நாட்கள் இவை. பல் முளைக்கும். முன்பு நன்றாகத் தூங்கிய குழந்தைகூட இப்போது அடிக்கடி விழிக்கும். "கண் பட்டுவிட்டது" என்று பாட்டி சுற்றிப் போட்டால் போடட்டும், அதனால் தீங்கில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

எவ்வளவு தூக்கம் வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 4 முதல் 11 மாதக் குழந்தைக்குப் பகலும் இரவும் சேர்த்து ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரமும், ஒரு வயது முதல் இரண்டு வயது வரை 11 முதல் 14 மணி நேரமும் தூக்கம் தேவை. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு குழந்தைகள்கூட ஒரே மாதிரி தூங்குவதில்லை. பகலில் சுறுசுறுப்பாக விளையாடி, நன்றாகச் சாப்பிட்டு, எடை கூடிவரும் குழந்தைக்குத் தூக்கம் போதுமானது என்று கொள்ளலாம். அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பார்த்து, தாய் சேய் நல அட்டையில் குறித்து வாருங்கள்.

பகலில் தொடங்கும் இரவுத் தூக்கம்

1. காலையில் தினமும் ஒரே நேரத்தில் எழுப்புங்கள். வாசலில் வெளிச்சம் படும்படி சற்று நேரம் தூக்கி வைத்திருங்கள். பகல் எது, இரவு எது என்பதை உடம்புக்குக் கற்றுக்கொடுப்பது வெளிச்சம்தான்.

2. ஒன்பது மாதம் வாக்கில் பகலில் இரண்டு தூக்கம் போதும். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலும் ஒன்றாகிவிடும். மாலை நாலரை மணிக்கு மேல் தூங்கவிட்டால் இரவில் கண் மூடாது.

3. தாய்ப்பாலுடன் இணை உணவு சரியாகக் கிடைக்க வேண்டும். 6 முதல் 8 மாதம் வரை நாளொன்றுக்கு 2 அல்லது 3 வேளையும், 9 மாதத்திலிருந்து 3 அல்லது 4 வேளையும், மசித்த பருப்பு சாதம், கேழ்வரகுக் கூழ், கீரை, வாழைப்பழம், முட்டை, முள் எடுத்து மசித்த மீன் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஒன்பது மாதக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 250 மி.லி. கிண்ணத்தில் அரைக் கிண்ணம் அளவு. பகலில் அரை வயிறு சாப்பிட்ட குழந்தை மிச்சத்தை இரவில் கேட்கும்.

4. இரத்தசோகை உள்ள குழந்தை சிடுசிடுப்பாகவும் அமைதியில்லாமலும் இருக்கும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரு முறை 1 மி.லி. இரும்புச்சத்து மருந்து தர வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள்.

5. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டி.வி.யும் செல்போனும் வேண்டவே வேண்டாம். "போனைக் காட்டினாதான் வாயைத் திறக்குது" என்று தொடங்குவது, "போனைக் காட்டினாதான் தூங்குது" என்று முடியும்.

படுக்கும் நேரத்திற்கு ஓர் ஒழுங்கு

ஏழரை மணிக்கும் எட்டரை மணிக்கும் இடையில் உங்கள் வீட்டுக்கு ஏற்ற ஒரு நேரத்தை முடிவு செய்யுங்கள். கொட்டாவி விடுவது, கண்ணைக் கசக்குவது, காதை இழுப்பது எல்லாம் தூக்கத்தின் அறிகுறி. அந்த நேரத்தைத் தவறவிட்டால் குழந்தை களைத்துப் போய் அழும், அதன் பிறகு தூங்க வைப்பது கஷ்டம்.

தினமும் ஒரே வரிசையில் செய்யுங்கள். முதலில் தாய்ப்பால். பிறகு வெதுவெதுப்பான நீரில் துடைத்து, வாயையும் பல்லையும் சுத்தமான ஈரத்துணியால் துடைத்து, பருத்திச் சட்டை போடுவது. டி.வி. சத்தத்தைக் குறைத்து, பெரிய விளக்கை அணைப்பது. கடைசியாக மெல்லிய குரலில் ஒரு தாலாட்டு. உங்கள் பாட்டி பாடியது எதுவானாலும் சரி, தினமும் அதே பாட்டாக இருக்கட்டும். எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம்தான். சில நாட்களில் அந்த வரிசையே குழந்தைக்கு "இனி தூக்கம்" என்று சொல்லிவிடும்.

ஆட்டத்தைக் குறைப்பது எப்படி?

குழந்தையைத் தனியே விட்டுக் கதவைச் சாத்தி அழவிட வேண்டாம். ஒரே அறையில் எல்லோரும் படுக்கும் நம் வீடுகளில் அது நடக்கிற காரியமும் அல்ல. படிப்படியாகச் செல்லுங்கள். ஒவ்வொரு படிக்கும் நாலைந்து நாள் ஒதுக்குங்கள்.

முதல் படி: தூளியை விட்டுவிட்டு மடியில் வைத்து ஆட்டுங்கள். கண் சொக்கியதும், முழுவதும் தூங்குமுன் பாயில் மல்லாக்கக் கிடத்துங்கள்.

இரண்டாம் படி: ஆட்டாமல், விழித்திருக்கும்போதே பாயில் கிடத்தித் தட்டிக் கொடுங்கள்.

மூன்றாம் படி: தட்டுவதையும் குறைத்து, மார்பின் மேல் கையை மட்டும் லேசாக வைத்திருங்கள்.

நான்காம் படி: பக்கத்தில் உட்கார்ந்து பாட்டு மட்டும். குழந்தை உங்களைப் பார்க்கலாம், குரலைக் கேட்கலாம், அது போதும்.

அழுதால் குரல் கொடுங்கள், தட்டுங்கள். அடங்காவிட்டால் தூக்கிச் சமாதானப்படுத்தி, மறுபடி பாயில் விடுங்கள். ஒரு நாள் தோற்றால் தோற்றதுதான், மறுநாள் தொடருங்கள். காய்ச்சலோ, ஊர்ப் பயணமோ வந்தால் நிறுத்தி வைத்து, சரியான பின் தொடங்குங்கள். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு இந்தப் பயிற்சி வேண்டாம். கேட்கும்போதெல்லாம் பால் தருவதே அதற்கு நல்லது.

நடுராத்திரியில் விழித்தால் உடனே பாய்ந்து தூக்காதீர்கள். ஓரிரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். வெறும் முனகலாக இருந்தால் தானே அடங்கும். அழுகை ஏறினால் ஈரமா, கொசுவா, புழுக்கமா என்று பாருங்கள். பெரிய விளக்கைப் போடவோ பேச்சுக் கொடுக்கவோ வேண்டாம். பசி என்று தெரிந்தால் தாய்ப்பால் தாருங்கள். இரவில் தாய்ப்பாலை நிறுத்துங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டு வயது வரையிலும், விரும்பினால் அதற்கு மேலும் தாய்ப்பால் தரலாம். பால் புட்டியை மட்டும் வாயில் வைத்தபடி தூங்க விடாதீர்கள். பல் சொத்தையாகும், புரையேறும் ஆபத்தும் உண்டு.

தூளி, பாய், கொசுவலை

தூளியில் வளராதவர் நம்மில் யார்? அதைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் குழந்தை புரளும், உட்காரும், விளிம்பைப் பிடித்து எழும். அப்போது தூளியிலிருந்து தலைகுப்புற விழலாம். புடவை முறுக்கிக் கழுத்தில் சுற்றலாம், தொங்கும் கயிறும் சுற்றலாம். வளைந்த துணியில் தாடை மார்பில் அழுந்தி மூச்சும் அடைபடலாம். ஆகவே குழந்தை புரளத் தொடங்கியதும் தூளியை அவிழ்த்து வைப்பதே நல்லது. அதற்கு முன்பும், பெரிய பிள்ளைகளை நம்பித் தூளியை விட்டுப் போகாதீர்கள்.

பாயின் மேல் மடித்த போர்வை ஒன்றை இறுக்கமாக விரித்தால் போதும். முதல் ஒரு வயது வரை தலையணை, மெத்து மெத்தென்ற பஞ்சு மெத்தை, கனமான போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம். குழந்தையை மல்லாக்கக் கிடத்துங்கள். அது தானாகப் புரண்டால் அப்படியே விடலாம். குடித்தவரோ, புகைப்பவரோ, தூக்க மாத்திரை சாப்பிட்டவரோ குழந்தையை ஒட்டிப் படுக்கக் கூடாது. அவருக்குத் தெரியாமலே குழந்தை நசுங்கிவிடும்.

கொசுவலை கட்டாயம். டெங்குக் கொசு பகலில் கடிக்கும். அதனால் பகல் தூக்கத்திற்கும் வலை வேண்டும். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிடுங்கள். நம் மாவட்டத்தில் கட்டுவிரியன் உண்டு. இரவில் தரையில் படுத்திருப்பவர்களைத்தான் அது பெரும்பாலும் கடிக்கிறது, கடித்த வலிகூடத் தெரியாமல் போகலாம். நன்றாகச் செருகிய வலை பாம்பையும் தடுக்கும். கொசுவர்த்திப் புகையும், குளித்த பின் போடும் சாம்பிராணிப் புகையும் குழந்தையின் நெஞ்சுக்கு ஆகாது.

தூங்க வைக்க மருந்து கொடுக்காதீர்கள்

இருமல் மருந்து, சளி மருந்து: இவற்றில் சிலவற்றில் மயக்கம் தரும் பொருள் இருக்கிறது. அளவு சற்று மீறினாலும் குழந்தையின் மூச்சு அடங்கிவிடலாம். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் நச்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. இருமலுக்கே கூடாது என்னும்போது, தூக்கத்திற்குக் கொடுக்கலாமா?

கசகசாப் பால்: கசகசா அபினிச் செடியின் விதை. கைக்குழந்தைக்கு இதன் மயக்கம் உயிருக்கே ஆபத்து.

ஜாதிக்காய் உரைத்துக் கொடுப்பது: அளவு தெரியாமல் கொடுக்கும் எந்த மருந்தும் விஷமாகலாம்.

சாராயம், பிராந்தி தொட்டு நாக்கில் வைப்பது: ஒரு துளியும் கூடாது.

தேன்: ஒரு வயதுவரை கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சிறு குழந்தையின் தசைகளைத் தளர்த்தி மூச்சைப் பாதிக்கும்.

தந்தையருக்கு ஒரு வார்த்தை

"கொழந்தையைப் பாத்துக்கறது பொம்பளைங்க வேலை" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுப்பவரே, உங்கள் மனைவியின் தூக்கத்தை எண்ணிப் பாருங்கள். மாதக்கணக்கில் தூக்கம் கெட்ட தாய்க்கு எரிச்சல், மறதி, காரணமில்லாத அழுகை எல்லாம் வரும். அடுப்படியில் கை சுட்டுக்கொள்வாள். மனச்சோர்வு ஆழமானால் அதற்குச் சிகிச்சை வேண்டும். அதைச் செவிலியரிடம் சொல்வதில் வெட்கம் எதற்கு?

முதல் ஷிப்ட் வாரத்தில் மாலை நேரத்து வேலை முழுவதும் உங்களுடையதாக இருக்கட்டும். துடைப்பது, சட்டை போடுவது, பாட்டுப் பாடித் தட்டுவது எல்லாம் ஆண் கைக்கும் வரும். இரவு ஷிப்ட் முடித்து வரும் வாரத்தில், படுக்குமுன் அரை மணி நேரம் குழந்தையை வெளிச்சத்தில் வைத்திருங்கள். கொக்கிலமேடு, தேவனேரி போன்ற கடலோர ஊர்களில் விடியுமுன் கடலுக்குப் போகும் தந்தையரும், மாலையில் இதைச் செய்யலாம். தந்தை கையில் குழந்தை தூங்கப் பழகினால் அதற்கு இன்னொரு நன்மை உண்டு. தந்தையிடம் பால் மணம் இல்லாததால், பசியில்லாத நேரத்தில் குழந்தை பாலைத் தேடி அழுவது குறையும்.

இன்னொரு முக்கியமான விஷயம்

குழந்தை இரவில் நீளமாகத் தூங்கத் தொடங்கினால் இரவுப் பால் குறையும். அதனால் தாய்க்கு மீண்டும் கருத்தரிக்கும் சக்தி விரைவில் திரும்பலாம். மாதவிலக்கு வருமுன்பே கரு உண்டாகலாம். "பால் குடுக்கறேன், ஒண்ணும் ஆகாது" என்ற நம்பிக்கை, குழந்தைக்கு ஆறு மாதம் நிரம்பாமல், தாய்ப்பால் மட்டுமே குடித்து, தாய்க்கு மாதவிலக்கும் வராமல் இருக்கும் வரைதான் செல்லும். அதன் பிறகு செல்லாது.

இரண்டு பிரசவங்களுக்கிடையில் மூன்று ஆண்டு இடைவெளி இருப்பது தாய்க்கும் சேய்க்கும் நல்லது. ஆணுறை, காப்பர்-டி, மூன்று மாதத்திற்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை ஆகியவை அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். எது பொருந்தும் என்று இருவரும் சேர்ந்து வந்து கேளுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

● காய்ச்சலுடன் விடாமல் அழுதால், அல்லது எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால்
● பால் குடிக்க மறுத்தால், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால்
● ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை நிமிடத்திற்கு 50 முறைக்கு மேலும், ஒரு வயதைத் தாண்டியது 40 முறைக்கு மேலும் மூச்சு விட்டால், அல்லது மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால்
● தினமும் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று நின்று வந்தால்
● எடை கூடாமல் இருந்தால்

உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வாருங்கள். அவசரமானால் 108-ஐ அழைத்துச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அந்த வீட்டில் என்ன நடந்தது?

முதல் மூன்று ராத்திரி கஷ்டப்பட்டார்கள். "தூளியில்லாம புள்ள தூங்குமா?" என்று மாமியார் முணுமுணுத்தார். நாலாம் நாள் அவரே பாட ஆரம்பித்தார். கணவருக்கு முதல் ஷிப்ட் வந்த வாரத்தில் குழந்தையைத் தட்டும் வேலை அவருடையதாயிற்று. மூன்று வாரம் கழித்து நான் போனபோது, "இன்னும் ரெண்டு தடவை முழிக்கிறான்மா. ஆனா ஒரு தடவை பால் குடிச்சிட்டுப் படுத்துக்கறான், இன்னொரு தடவை அவனே தூங்கிடறான்" என்றாள் அந்தத் தாய். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. ஆறு தடவை இரண்டானது, அவ்வளவுதான். ஆனால் அவள் முகத்தில் களைப்பு குறைந்திருந்தது. அலமாரியில் அந்தப் புட்டி இல்லை.

உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு புட்டி இருந்தால், இன்றைக்கே அதை அப்புறப்படுத்துங்கள். இன்று மாலை இருவரும் உட்கார்ந்து பேசி, குழந்தை படுக்கும் நேரத்தை முடிவு செய்யுங்கள். யார் துடைப்பது, யார் பாடுவது என்று பங்கு போட்டுக்கொள்ளுங்கள். நாளை ராத்திரியே தொடங்குங்கள்.